மன்னிச்சாச்சு, ஆனா ஆறலை: சமயம் சொல்லும் மன்னிப்பும் உளவியல் சொல்லும் மன்னிப்பும் ஒன்றா?

திண்ணைவாசகன்

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்கு "மன்னிப்பு" என்று தலைப்பு வைத்திருக்கிறோம். குறிப்பெடுக்க உட்கார்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் "பொறுத்தார் பூமி ஆள்வார்", "ஏழெழுபது தரம் மன்னி". இன்னொரு பக்கம் "மன்னிப்பது உங்கள் மன நிம்மதிக்காக" என்று உளவியல் காணொளிகள். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றனவா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனை உதாரணம். தாய் இறந்தபின் தங்கைக்குச் சேர வேண்டிய 12 பவுன் நகையை அண்ணன் சொல்லாமல் அடகு வைக்கிறார். வட்டி கட்டவில்லை, நகை மூழ்கிவிட்டது. சொந்தபந்தம் கூடி உட்காரவைத்துப் பேசியதில் தங்கை "மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆறு மாதம் கழித்தும் கல்யாண வீட்டில் யார் கழுத்தில் நகையைப் பார்த்தாலும் அவளுக்கு வயிறு எரிகிறது. அண்ணன் இதுவரை "தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1. இவள் மன்னித்தாளா, இல்லையா?
2. செய்தவர் வருந்தாதபோது மன்னிக்கத்தான் வேண்டுமா?
3. மன்னித்தால் மறுபடி போக்குவரத்து வைத்துக்கொள்ள வேண்டுமா?
4. மன்னி என்று சொல்வது சுலபம். உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும், எத்தனை நாள் ஆகும்?

சொந்த அனுபவம் வேண்டாம், விஷயம் தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

---

சுவடி

முதல் கேள்விக்கு "எந்த மன்னிப்பு?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நாம் ஒரே சொல்லில் நான்கு வேலைகளைத் திணித்துவிட்டோம். கடனைத் தள்ளுவது, மனக்கசப்பு ஆறுவது, உறவு மறுபடி ஒட்டுவது, தண்டனையை விலக்குவது. சமய நூல்கள் பெரும்பாலும் முதலாவதையும் மூன்றாவதையும் பேசுகின்றன. உளவியல் இரண்டாவதைப் பேசுகிறது. நான்காவது அரசனுடைய வேலை. உங்கள் உதாரணத்தில் தங்கை கடனைத் தள்ளியிருக்கிறாள், கசப்பு ஆறவில்லை. ஆக அவள் பொய் சொல்லவில்லை, பாதி வேலை முடித்திருக்கிறாள்.

குறளில் இது தெளிவாகவே இருக்கிறது. 152-ஆம் குறள்: "பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று." இங்கே இறப்பு என்றால் சாவு இல்லை, வரம்பு மீறிய செயல். பொறுத்தல் ஒன்று, மறத்தல் வேறொன்று என்று இரண்டு படி வைத்திருக்கிறார். ஏன் இரண்டு என்பதற்குப் பரிமேலழகர் சொல்லும் காரணம் அருமை: பொறுக்கும்போதும் அது உள்ளே கிடக்கத்தான் செய்கிறது, அதனால்தான் மறத்தல் அதைவிட மேல். கல்யாண வீட்டில் வயிறு எரிவதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

இனி சமயங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு "எல்லா மதமும் மன்னிக்கத்தான் சொல்கிறது" என்று மேடையில் பேசுவார்கள். விவரத்துக்குள் போனால் அப்படி இல்லை.

யூத மரபு இதில் ரொம்பக் கறார். யோம் கிப்பூர் என்ற பாவக்கழுவாய் நாள் கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தைத்தான் நீக்கும். மனிதனுக்கு மனிதன் செய்ததை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளாலும் நீக்க முடியாது என்பது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் விதி. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு நடைமுறையே எழுதி வைத்தார். எடுத்த பணத்தை முதலில் திருப்பிக் கொடு. கொடுத்தால் மட்டும் போதாது, நேரில் போய்க் கேள். மசியவில்லையா, நண்பர்கள் மூவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் இல்லையென்றால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதற்குமேல் விட்டுவிடலாம், இனி மறுத்தவர்தான் குற்றவாளி. ஆசிரியருக்குத் தீங்கு செய்திருந்தால் மட்டும் ஆயிரம் முறையானாலும் போக வேண்டும். பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரைக் கல்லறைக்கு அழைத்துப் போய் அவர்கள் முன் குற்றத்தைச் சொல்ல வேண்டும். திருந்தியதற்கு அவர் தரும் அடையாளமும் கறார்தான்: அதே வாய்ப்பு, அதே வலு மறுபடி கிடைத்தும் செய்யாமல் இருக்க வேண்டும். உங்கள் அண்ணன் இந்தக் கணக்கில் முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

கிறிஸ்தவத்தில் "ஏழெழுபது தரம்" என்ற வசனம் மத்தேயு 18:22. அதே அதிகாரத்தில் ஏழு வசனம் முன்னால் ஒரு வழிமுறை இருப்பதைப் பிரசங்கங்களில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உன் சகோதரன் குற்றம் செய்தால் தனியாகப் போய் எடுத்துச் சொல். கேட்காவிட்டால் ஒருவர் இருவரைச் சாட்சியாகக் கூட்டிப் போ. அதற்கும் கேட்காவிட்டால் சபையிடம் சொல். சபைக்கும் செவிகொடுக்காவிட்டால் அவனை அந்நியனாக வைத்துக்கொள் (18:15-17). லூக்கா 17:3 இன்னும் நேரடி: குற்றம் செய்தால் கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி. கடிந்துகொள்வதும் மன்னிப்பும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அதே மத்தேயு 18-இல் கடன்காரன் உவமை வருகிறது. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனைக் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் இரண்டாவதைப் போல ஆறு லட்சம் மடங்கு. கேட்ட கூட்டம் அந்தத் தொகையிலேயே அதிர்ந்திருக்கும், நமக்கு அளவை தெரியாததால் சப்பென்று போய்விடுகிறது. அதில் ஒன்று கவனியுங்கள்: நூறு நாள் கூலி சின்னக் கடன் இல்லை. பட்ட காயம் அற்பமானது என்று உவமை சொல்லவில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்றுதான் வருகிறது. அங்குள்ள கிரேக்க வினைச்சொல்லுக்கு விட்டுவிடுதல் என்று பொருள், கடன் தள்ளுபடிக்கும் அதே சொல்தான்.

இஸ்லாத்தில் இறைவனின் உரிமை, அடியார்களின் உரிமை என்று இரண்டு கணக்கு. தவ்பாவுக்கு (பாவத்திலிருந்து மீண்டு இறைவனிடம் திரும்புவதற்கு) மூன்று நிபந்தனை: பாவத்தை நிறுத்துவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்வது. குற்றம் இன்னொரு மனிதருக்குச் செய்ததென்றால் நான்காவது நிபந்தனை சேரும்: அவருடைய உரிமையைத் திருப்பிக் கொடுப்பது, அல்லது அவரிடம் பொறுத்தல் பெறுவது. இமாம் நவவி இப்படி வகுத்திருக்கிறார். ஹஜ்ஜுக்குப் போகுமுன் நம்மூர் முஸ்லிம்கள் வீடு வீடாகப் போய் "ஏதாவது தப்பு நடந்திருந்தா பொருந்திக்கங்க" என்று கேட்பது இந்த நான்காவதுக்காகத்தான். பாதிக்கப்பட்டவர் பக்கத்தில், தீமைக்கு அதே அளவு பதில் செய்ய உரிமை உண்டு, ஆனால் மன்னித்து இணக்கம் செய்பவருக்குக் கூலி இறைவனிடம் என்று 42:40 சொல்கிறது. உரிமையை முதலில் ஒப்புக்கொண்டு பிறகு விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். உரிமையே இல்லாதவன் விட்டுக்கொடுப்பதில் என்ன இருக்கிறது?

சமணத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பர்யூஷணம் என்ற நோன்பு விழாவின் முடிவில் "மிச்சாமி துக்கடம்" என்பார்கள். நான் செய்த தீங்கு பலனற்றுப் போகட்டும் என்பது பொருள். திகம்பரர்களுக்கு (தமிழ்ச் சமணர்கள் இந்தப் பிரிவு) தசலட்சணப் பத்து நாட்களில் முதல் நாளே உத்தம பொறுமை. விழா முடிந்தபின் க்ஷமாவாணி, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். இப்போது சௌகார்பேட்டையிலிருந்து வாட்ஸாப்பில் ஒரே படத்தை முந்நூறு பேருக்கு அனுப்பி முடித்துவிடுகிறார்கள் என்று அந்தச் சமூகத்துப் பெரியவர்களே குறைப்படுகிறார்கள். பெயர் சொல்லி, செய்ததைச் சொல்லிக் கேட்டால்தான் அது க்ஷமாபனை, அதாவது மன்னிப்புக் கேட்டல்.

மகாபாரதத்தை விடமுடியாது. வனபர்வத்தில் திரௌபதி தருமரிடம் சண்டை பிடிக்கிறாள், எப்போதும் பொறுத்துக்கொண்டே இருக்கிறாயே என்று. பிரகலாதன் தன் பேரன் மகாபலிக்குச் சொன்னதை எடுத்துக் காட்டுகிறாள்: எப்போதும் கடுமையும் நல்லதில்லை, எப்போதும் பொறுமையும் நல்லதில்லை. எப்போதும் பொறுப்பவனுடைய வேலைக்காரன்கூட அவன் துணியையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு போவான். முன்பு பேருதவி செய்தவனை மன்னி, அறியாமல் செய்தவனை மன்னி, யாராயிருந்தாலும் முதல் குற்றத்தை மன்னி. தெரிந்தே செய்துவிட்டுத் தெரியாது என்பவனையும், இரண்டாம் முறை செய்பவனையும், குற்றம் சிறியதானாலும் தண்டி. தருமர் இதற்குப் பொறுமையின் புகழைப் பாடி நீளமாகப் பதில் சொல்கிறார். நூல் இரண்டு பேச்சையும் அப்படியே வைத்திருக்கிறது.

பௌத்தத்தை உளவியல் தெரிந்தவர்கள் எழுதுவதே பொருத்தம். அது இவை எல்லாவற்றையும்விட அந்தப் பக்கம் நெருங்கி நிற்கிறது.

---

கூழாங்கல்

சுவடி விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல், பகைவன்மேல் மைத்ரி (அன்பெண்ணம்) வராதபோது என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறது. பகைவனிடம் தொடங்காதே, முதலில் உன்னிடம், பிறகு மதிக்கும் ஒருவரிடம், பிறகு நெருங்கியவரிடம், பிறகு யாரோ ஒருவரிடம், கடைசியில்தான் பகைவன். கோபம் கிளம்பினால் முந்தைய படிக்குத் திரும்பிப் போ. அதுவும் பலிக்கவில்லையென்றால் அவனுடைய பேச்சு கெட்டது, ஆனால் செயலில் ஏதாவது நல்லதுண்டா என்று பிரித்துப் பார். அதுவும் இல்லையென்றால், கோபப்படுபவன் பிறரை அடிக்கத் தணலைக் கையில் எடுப்பவன், முதலில் வேகுவது அவன் கைதான் என்று நினை. கடைசி வழிகளில் ஒன்று, அவனுக்கு ஏதாவது கொடு. இன்றைய சிகிச்சை முறைகளில் பாதி இந்தப் பட்டியலில் இருக்கிறது.

இனி உளவியல் ஆய்வு. பொறுத்தல், மறத்தல் என்று சுவடி காட்டிய பிரிவை எவரெட் வொர்திங்டன் (வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம்) முடிவளவிலான மன்னிப்பு, உணர்வளவிலான மன்னிப்பு என்று பிரிக்கிறார். முதலாவது ஒரு நொடியில் நடக்கலாம்: பழி வாங்க மாட்டேன் என்ற முடிவு. இரண்டாவதற்கு நாளாகும். தங்கை முதலாவதைச் செய்துவிட்டாள்.

இவள் எங்கே நிற்கிறாள் என்று அளக்க உளவியலாளர் மைக்கேல் மெக்கல்லோவின் அளவுகோல் பயன்படும். அது மூன்று தனித்தனி விஷயங்களைக் கேட்கிறது: அவருக்குக் கெட்டது நடக்கணும் என்று தோன்றுகிறதா, அவரை விட்டு விலகத் தோன்றுகிறதா, அவர் நன்றாக இருக்கட்டும் என்று தோன்றுகிறதா. பழி உணர்வு போயிருக்கும், விலகல் அப்படியே இருக்கும். நிறையப் பேர் இந்த நிலையில் நின்றுகொண்டு "நான் இன்னும் மன்னிக்கலையோ" என்று தங்களையே குடைந்துகொள்கிறார்கள். விலகல் சில சமயம் நியாயமான எச்சரிக்கை.

நான்காவது கேள்விதான் முக்கியமானது. வொர்திங்டனின் ரீச் முறை ஐந்து படி.

முதல் படி, காயத்தை நினைவுகூர்தல். நடந்ததை மட்டும் எழுதணும்: "மார்ச் மாதம் என்னிடம் சொல்லாமல் 12 பவுனை அடகு வைத்தார்." "அவன் பிறவியிலேயே துரோகி" என்று எழுதினால் இரண்டாம் படியில் முட்டிக்கொள்ளும். 15 முதல் 20 நிமிடம், கடிகாரம் வைத்து, மூன்று நான்கு நாள் எழுதுவது நல்லது. இது ஜேம்ஸ் பென்னிபேக்கரின் எழுத்துமுறை. எழுதி முடித்த உடனே மனசு இன்னும் கனக்கும், அது எதிர்பார்த்ததுதான். அதனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். நான்கு நாளும் ஒரே வாக்கியங்களையே திரும்ப எழுதுகிறீர்கள் என்றால் அது அசைபோடல், நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, செய்தவர் பக்கத்திலிருந்து பார்த்தல். எதிரே ஒரு வெறும் நாற்காலி. முதலில் அண்ணனிடம் பேசுவதுபோல் பேசி, பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து அண்ணனாகப் பதில் சொல்வது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. காரணம் தெரிவது நியாயம் ஆகிவிடாது. கடன்காரன் வாசலில் நின்றதால் அடகு வைத்தார் என்பது காரணம். சொல்லாமல் வைத்தது தப்பு என்பது மாறாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகணும். நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணன் வாயில் "நீதான் தப்பு" என்று வந்தால் அன்றைக்கு அதோடு போதும்.

மூன்றாவது, மன்னிப்பை ஒரு கொடையாகப் பார்த்தல். தான் தப்பு செய்து யாரோ மன்னித்த ஒரு சந்தர்ப்பத்தை நினைத்து, அப்போது எப்படி இருந்தது என்று எழுதுவது. கடன்காரன் உவமையின் கணக்கு இங்கேதான் நுழைகிறது. நம்பிக்கையாளர்களுக்கு இந்தப் படி சுலபம், அவர்களுக்குத் தயாராக ஒரு கதை இருக்கிறது.

நான்காவது, உறுதி செய்தல். தேதி போட்டு எழுதி வைப்பது, அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது. செய்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தான் தப்பே செய்யவில்லை என்று நினைப்பவரிடம் "உங்களை மன்னிச்சுட்டேன்" என்றால் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும், புதுச் சண்டை தொடங்கும்.

ஐந்தாவது, பிடித்துவைத்தல். நகையைப் பார்த்ததும் வயிறு எரிவது இந்தப் படிக்குரியது. சூடு பட்ட கை அடுப்பைக் கண்டால் பின்வாங்குவதுபோல உடம்புக்கு நினைவு இருக்கிறது. அது மன்னிப்பு பொய்த்ததற்கு அடையாளம் இல்லை. அப்போது நான்காம் படியில் எழுதிய தாளை எடுத்துப் பார்ப்பது, பிறகு வேறு வேலைக்குத் திரும்புவது. நினைக்காமல் இருக்க முயன்றால் இன்னும் அதிகம் வரும்.

எவ்வளவு காலம்? ஐந்து நாடுகளில் (கொலம்பியா, ஹாங்காங், இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, உக்ரைன்) 4,598 பேரிடம் இந்த முறையைப் பயிற்சி ஏடாகக் கொடுத்துச் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். மொத்தம் சுமார் மூன்று மணி நேர வேலை. இரண்டு வாரத்தில் மன்னியாமை ஓரளவு நன்றாகவே குறைந்தது, மனச்சோர்வும் பதற்றமும் கொஞ்சம் குறைந்தன. ஆனால் காயம் ஆழமானால் கணக்கு மாறும். விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் என்ரைட் தன் நான்கு கட்ட முறையை (உள்ளிருப்பதை வெளிக்கொணர்தல், முடிவு, உழைப்பு, ஆழம்) நெருங்கிய உறவினரின் பாலியல் கொடுமைக்கு ஆளான 12 பெண்களிடம் சூசன் ஃப்ரீட்மனோடு சேர்ந்து சோதித்தார், 1996-இல் வெளியானது. வாரம் ஒரு மணி நேரம், தனித்தனியாக. ஒருவருக்குச் சராசரி 14 மாதம் பிடித்தது. 2014-இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும் நேரம் கூடக் கூடப் பலன் கூடியது, குழுவைவிடத் தனியாகச் செய்தது மேலாக இருந்தது.

ஆகவே முதன்முறை செய்பவர் வாழ்க்கையின் பெரிய காயத்தில் கை வைக்கக்கூடாது. பத்துக்கு நான்கு ஐந்து என்று வலிக்கும் ஒன்றில் பழகணும்.

உடம்பு பற்றி ஒரு வரி: 2001-இல் 71 மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், பட்ட காயத்தை அசைபோடும்போது இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், புருவத் தசை இறுக்கம் எல்லாம் ஏறின; மன்னிப்பதாகக் கற்பனை செய்தபோது அந்த ஏற்றம் குறைவு. இது நொடிக்கணக்கில் நடந்த அளவீடு. இதை வைத்து "மன்னித்தால் மாரடைப்பு வராது" என்று பரப்புவது அதிகப்பிரசங்கித்தனம்.

---

தீக்குச்சி

நல்லா எழுதியிருக்கீங்க ரெண்டு பேரும். ஆனா ஒரு ஓட்டை இருக்கு, அதை அடைக்காம இந்தக் குறிப்பைக் கூட்டத்துல வாசிச்சா ஆபத்து.

மேலே உள்ள எல்லாம் முடிஞ்சுபோன காயத்துக்கு. தினமும் நடக்கிற காயத்துக்கு இல்லை. ஜேம்ஸ் மெக்நல்டி புதுமணத் தம்பதிகளை முதல் நான்கு வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2011-ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. அதிகமா மன்னிக்கிறவங்களோட துணை காட்டுற மன, உடல் வன்முறை நாலு வருஷத்திலும் குறையாம அதே அளவுல நின்னுச்சு. அவ்வளவா மன்னிக்காதவங்க விஷயத்துல அது குறைஞ்சுது. திரௌபதி சொன்ன வேலைக்காரன் கதைதான். 2010-ல லூச்சிஸும் மத்தவங்களும் செஞ்ச ஆய்வும் இதையே வேற பக்கத்துலிருந்து காட்டுது: செஞ்சவர் ஈடுசெய்ற ஆளா இல்லாதப்போ மன்னிக்க மன்னிக்க, மன்னிக்கிறவரோட சுயமரியாதை தேயுது. ஆங்கிலத்துல அதை மிதியடி விளைவுன்னு பேர் வச்சிருக்காங்க. பொருத்தமான பேர்.

நம்ம வீடுகள்ல "மன்னிச்சிரும்மா, குடும்பம்னா இப்படித்தான்"னு யார்கிட்ட சொல்றோம்னு பாருங்க. தங்கைகிட்ட, மருமககிட்ட. அண்ணன்கிட்ட போய் "நகைக்கு என்ன பண்ணப்போற"ன்னு கேட்ட சொந்தக்காரர் எத்தனை பேரு? உதாரணத்துல தங்கை சொன்னது சபைக்கு நடுவுல வாயால வந்தது. அதைப் பாதி மன்னிப்புன்னு சுவடி சொன்னதோட எனக்கு உடன்பாடு இல்லை. நெருக்கடியில சொன்னது முடிவே கிடையாது.

மூணாவது கேள்விக்கு என் பதில்: மன்னிக்க ஒரு ஆள் போதும், உறவு ஒட்ட ரெண்டு ஆள் வேணும். அந்த ரெண்டாவது ஆள் இன்னும் வரலை.

நாலாவது வேலையான தண்டனை பத்தி சுவடி ஒரு வரில போயிட்டார். குறள்லயே தனி மனுஷனுக்குப் பொறையுடைமையும் (16-வது அதிகாரம்), அரசனுக்குச் செங்கோன்மையும் (55-வது) தனித்தனியா இருக்கு. கொலையிற் கொடியாரை வேந்தன் ஒறுக்கிறது பயிருக்குக் களை எடுக்கிற மாதிரின்னு 550-வது குறள். இன்றைய சட்டத்திலும் அதேதான். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 359-வது பிரிவுல பட்டியலிட்ட குற்றங்களை மட்டும்தான் பாதிக்கப்பட்டவர் சமரசம் பண்ணிக்க முடியும், அதுலயும் சிலதுக்கு நீதிமன்ற அனுமதி வேணும். கொலை, பாலியல் வன்முறை அதுல இல்லை. குழந்தைக்குப் பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா போக்சோ 19-வது பிரிவுப்படி புகார் சொல்றது கட்டாயம். "குடும்பத்துக்குள்ள மன்னிச்சுட்டோம்"ங்கிறது அங்கே செல்லாது. மன்னிச்சதால புகாரை வாபஸ் வாங்கணும்னு கட்டாயம் இல்லை. அடி, மிரட்டல் நடந்துக்கிட்டிருந்தா முதல்ல 181, பெண்கள் உதவி எண். மன்னிப்பைப் பத்தி பாதுகாப்பான இடத்துக்குப் போனபிறகு யோசிக்கலாம்.

---

சுவடி

தீக்குச்சி சொன்னது சரி, "பாதி வேலை" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். பரிமேலழகரே அந்தக் குறளில் "என்றும்" என்பதற்கு, ஒறுக்க இயன்ற காலத்தும் என்றுதான் உரை சொல்கிறார். திருப்பிச் செய்யும் வலு இருந்தும் செய்யாததுதான் பொறை. வாய் திறக்க வழியில்லாதவள் சும்மா இருந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

---

திண்ணைவாசகன்

எல்லாருக்கும் நன்றி. ஒரு பக்கம் காலியாகவே இருக்கிறது. அண்ணனுக்கு ஒருநாள் புத்தி வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்படிக் கேட்பது?

---

மாலுமி

ராய் லெவிக்கியின் குழு 2016-இல் 755 பேரிடம் சோதித்த விஷயம் இது. மன்னிப்புக் கேட்டலில் ஆறு உறுப்பு இருக்கிறது: வருத்தம் தெரிவித்தல், ஏன் நடந்தது என்று விளக்குதல், பொறுப்பை ஏற்றல், இனிச் செய்வதில்லை என்றல், ஈடுசெய்ய முன்வருதல், மன்னிக்கும்படி வேண்டுதல். இவற்றில் கேட்பவர் மனதில் அதிகம் பதிவது பொறுப்பை ஏற்பது, அடுத்தது ஈடு. கடைசி இடம் "மன்னிச்சுடு" என்று வேண்டுவதற்கு. நாம் பெரும்பாலும் அந்தக் கடைசியை மட்டும் சொல்லிவிட்டு, காலில் விழுந்து சொல்லியும் மனம் இளகவில்லையே என்று ஆச்சரியப்படுகிறோம்.

அண்ணன் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இப்படி: "அம்மா நகை 12 பவுன் உனக்குச் சேர வேண்டியது. உன்கிட்டச் சொல்லாம அடகு வச்சேன். அது என் தப்பு. மூழ்கினது தெரிஞ்சும் உனக்குச் சொல்லலை, அதுவும் தப்பு. மாசம் அரைப் பவுனுக்கு உண்டான பணத்தை, அன்றைய விலையில், உன் கணக்குல போடுறேன், ரெண்டு வருஷத்துல முடிச்சுடுவேன்." அதோடு நிறுத்த வேண்டும். எதிர்பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

கெடுக்கும் வார்த்தைகள் நான்கைந்துதான். "உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா" என்ற "இருந்திருந்தா". நடந்ததா இல்லையா என்றே சந்தேகம் கிளப்பும். "ஆனா நானும் என்ன பண்ணுவேன்" என்ற "ஆனா". விளக்கம் வேண்டுமானால் அவள் கேட்டபிறகு. "தெரியாம நடந்துபோச்சு", நகை தானாக நடந்து அடகுக்கடைக்குப் போகவில்லை. "அதான் கேட்டுட்டேன்ல", இது மிரட்டல். விலையைப் பழைய விலையில் கணக்குப் போடுவதும் இதில் சேர்த்தி. கிராமுக்குக் கிராம் திருப்பினால்தான் ஈடு.

இன்னொன்று. ராய் பௌமைஸ்டர் 1990-இல் காட்டியது, செய்தவர் சொல்லும் கதையும் பட்டவர் சொல்லும் கதையும் அளவிலேயே பொருந்தாது. செய்தவருக்கு அது எப்போதோ முடிந்த, காரணமுள்ள, சின்ன விஷயம். பட்டவருக்கு இன்னும் ஓடிக்கொண்டிருப்பது. அதனால் அண்ணனுக்கு "போதும்" என்று தோன்றும் அளவு எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும்.

---

கூழாங்கல்

கூட்டம் நடத்துவது பற்றி மட்டும் ஒரு குறிப்பு. வந்தவர்களை வட்டமாக உட்காரவைத்து "உங்களால் மன்னிக்க முடியாத ஒருவரைச் சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள். ஒருவர் உடைந்து அழுதால் ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் அதை மூட வழியிருக்காது. இந்த நகை உதாரணத்தையே கொடுத்து, நான்கு நான்கு பேராகப் பிரித்து, அண்ணன் கடிதத்தை ஒரு குழுவும் தங்கை பதிலை இன்னொரு குழுவும் 20 நிமிடத்தில் எழுதட்டும். தங்கை பதிலில் "இப்போதைக்கு முடியாது" என்பதும் ஒரு பதிலாக அனுமதியுங்கள். பலகையில் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் 14416-ஐ எழுதி வையுங்கள், இலவசம், தமிழிலும் பேசலாம்.

---

திண்ணைவாசகன்

அப்படியே செய்கிறோம். அண்ணன் கடிதத்தை மாலுமி எழுதிக் கொடுத்துவிட்டதால் அதைக் குழுவுக்குக் காட்டாமல் ஒளித்துவைக்க வேண்டும். 181-ஐயும் பலகையில் சேர்க்கிறேன்.

---

தீக்குச்சி

அண்ணன் குழுவுல பெண்களைப் போடுங்க, தங்கை குழுவுல ஆண்களை.